பெயருக்கு முன்னால் நிறுத்துகிறவர்

கொலை எதுவானாலும், கொன்றவன் பெயருக்கு ஒரு வரி முன்னால் அவர் பாட்டை நிறுத்திவிடுவார்.

மாத்தளை பஸ் நிலையத்தில் என் சோடாக் கடைக்கு நேர் எதிரே அவருடைய இடம். மண்ணெண்ணெய்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் அச்சடித்த பாட்டுத் தாள்களைக் கட்டாக வைத்துவிட்டு, தான் தரையில் நின்று பாடுவார். பாட்டில் மழை பெய்யும், நாய் குரைக்கும், தொட்டிலில் பிள்ளை புரளும், பின்கதவு மெல்லத் திறக்கும். கத்தியோடு உள்ளே வந்தது யார்? அந்த இடத்தில் ஒரு செருமல். கன்னத்தில் அடக்கியிருந்த கராம்பு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகும். அவ்வளவுதான், பாட்டு நின்றுவிட்டது. மீதி தாளில் இருக்கிறது. தாள் பத்துச் சதம்.

இதற்காக யாரும் அவரைக் கோபித்துக்கொண்டதில்லை. பஸ் புறப்படப் போகிற நேரம் பார்த்துத்தான் நிறுத்துவார். ஜன்னல்களிலிருந்து கைகள் வரிசையாக நீளும். ஒருமுறை ரத்தோட்டை பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து தாள் வாங்கிப்போனார். பஸ் பிந்திவிட்டதே என்று ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எல்லோருக்கும் அந்தப் பெயர் வேண்டியிருந்தது.

வீட்டிலும் மனிதர் அப்படித்தானாம். “இன்னைக்கி மார்க்கட்ல யாரப் பாத்தேன் தெரியுமா?” என்று தொடங்கிவிட்டு, சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிடுவாராம். முஸ்லிம் கடைக்காரனான என்னை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி கடைக்கு வந்தபோது ஒருநாள் சொன்னது இது: “கலியாணத்தன்னைக்கி தாலியக் கையில எடுத்துக்கிட்டு ஊரையே ஒரு பார்வ பார்த்தாரு நானா. எங்கப்பா பயந்துட்டாரு, பத்துச் சதம் கேப்பாரோன்னு.”

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்த காலம். பேப்பர் வாங்கிப் படிக்கிறவர்கள் டவுனிலேயே கொஞ்சம் பேர்தான். தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்குக் கொலைச் செய்தி என்றால் அது அவருடைய தொண்டைதான். யட்டவத்தைச் சந்தை, தம்புள்ளைச் சந்தை என்று போகிற இடங்களில் சிங்களத் தாளும் விற்பார். எந்த மொழியில் பாடினாலும் செருமல் ஒன்றுதான்.

எங்காவது ஒரு குற்றம் என்று காதில் விழுந்தால் நாங்களெல்லாம் ஐயோ என்போம். அவர் கேட்கிற முதல் கேள்வி, “கழுத்து யாரு?” என்பது. நான் அதை வைத்து அவரைக் கேலி செய்திருக்கிறேன். அவர் அதைத் தொழில் பாடமாகவே எனக்குச் சொல்லித் தந்தார்.

“பாட்டுக் கேட்டா சனத்துக்குக் கோவம் வரணும் நானா. கோவம் வந்தா கை சும்மா இருக்காது. அது போய்ப் புடிக்கிறதுக்கு ஒரு கழுத்தக் குடுத்துறணும். இல்லாட்டி பாடுறவன் கழுத்துக்கு வந்துரும்.”

கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். தன் பாட்டுக்குத் தானே அழுகிறவர் அவர். விற்பனைக்காக அழுவதில்லை, மூக்கு ஒழுகி, வேட்டி முனையால் துடைத்துக்கொண்டு அழுவார். யட்டவத்தையில் ஒரு பெண்ணைப் புருஷன் வெட்டிய வழக்கைப் பாடியபோது, முதல் நாள் வந்த சில்லறை முழுவதையும் அந்தப் பெண்ணின் பிள்ளையை வைத்திருந்த சித்தியின் மடியில் கொட்டிவிட்டு, பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்தே வந்தார். கேட்டதற்கு, “செத்தவ சம்பாரிச்சது, அவ புள்ளைக்குப் போவட்டும்” என்றார்.

இப்படிப்பட்டவர், சீட்டுக் கம்பெனி விஷயத்தில் செய்ததையும் சொல்ல வேண்டும். டவுனில் ஒரு சீட்டுக் கம்பெனி இருந்தது. கடைக்காரர்கள், வாத்தியார்மார், தோட்டத்துக் கங்காணிகள் என்று எல்லோரும் அதில் போட்டார்கள். ஒருநாள் காலையில் கதவில் பலகை அடித்திருந்தது. நடத்திய பங்காளிகள் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாக்களில் மாலை போட்டுக்கொண்டு உட்காருகிறவர்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. இதற்கிடையில் கம்பெனியின் பியூன், சம்பளம் வராத கோபத்தில், சுவரில் மாட்டியிருந்த பெரிய மணிக்கூட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தான். பொலிஸ் வாசலில் நிற்கும்போது அது டங் டங் என்று அடித்து அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அவர் பாடியது அந்தப் பியூனைத்தான். சேமிப்பை எல்லாம் பறிகொடுத்த ஊர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்தக் கம்பெனியில் அவர் மனைவி தோட்டை விற்றுப் போட்ட காசும் போயிருந்தது. பங்காளிகளைப் பாடாமல் இவனைப் போய்ப் பாடுகிறீர்களே என்று கேட்டேன்.

“எல்லாருமே கண்ணாடி போட்டிருக்காங்க, எல்லாருமே ஒரே மாதிரி பேசுறாங்க. எந்தக் கழுத்தப் புடிக்கிறது? பியூன்கிட்ட மணிக்கூடு இருக்கு, நானா. அது அடிக்குது. பாட்டுக்கு அது போதும்.”

பியூனை மறியல் வீட்டில் அடைத்தார்கள். ஏதோ நியாயம் கிடைத்துவிட்டது போலத்தான் எங்களுக்கும் இருந்தது.

அதற்கு அடுத்த மழைக்குத்தான் பாலம் அறுந்தது.

மலைப்பக்கம் ஒரு தோட்டம். கொழுந்து பறிக்கிற மலை ஆற்றுக்கு அந்தப் பக்கம், தொழிற்சாலை இந்தப் பக்கம். நடுவில் கம்பிவடத்தில் தொங்குகிற பலகைப் பாலம். தலையில் கொழுந்து மூட்டையோடு பெண்கள் அதில்தான் வருவார்கள். கம்பி துருப்பிடித்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று கங்காணிகள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்ற பதில் வருடா வருடம் வந்துகொண்டிருந்தது. பலகை உடைந்த இடங்களில் தகரம் வைத்து அடித்திருந்தார்கள். ஒரு சாயங்காலம் ஆறு பெருக்கெடுத்து ஓடும்போது கம்பி அறுந்து, கொழுந்தோடு பெண்கள் தண்ணீரில் போனார்கள். மரண விசாரணையில் மழையால் நேர்ந்த விபத்து என்று முடிவானது. பேப்பரில் நாலு வரி வந்தது.

பாட்டுக்காரர் அந்தத் தோட்டத்துக்குப் போய், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஒப்பாரி கேட்டுவிட்டு வந்தார். என் கடையில் உட்கார்ந்து, கொடுத்த சோடாவைக் குடிக்காமல் போத்தலைச் சுற்றிக்கொண்டே இருந்தார். மழைக்குக் கழுத்து இல்லையே என்றார். அப்போது கடையில் நின்றவர்கள்தான் எடுத்துக் கொடுத்தார்கள். பாலத்து முனையில் ஒரு காவல்காரக் கிழவர் இருக்கிறாரே, ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவதுதானே அவர் வேலை, அவர் குடிக்கிறவர் ஆயிற்றே என்றார்கள். பெயரையும் ஒருவர் சொன்னார். சின்னப் பெயர், கடைசி எழுத்தை இழுத்துப் பாட வசதியானது. பாட்டுக்காரர் சத்தமில்லாமல் வாயசைத்துப் பார்த்ததை நான் கவனித்தேன். பெயர் ராகத்தில் உட்கார்ந்துவிட்டது.

*கூடையிலே கொழுந்திருக்கு, கொண்டுபோக நேரமில்லை;*
*ஆடுகின்ற பாலத்திலே அத்தனைபேர் ஏறலாமோ?*
*தடுத்துநிற்க வந்தவனோ தள்ளாடி நின்றிருந்தான்;*
*கெடுத்தவனின் பேரைச்சொன்னால் கேட்டமனம் தாங்கிடுமோ?*

அங்கே செருமல்.

அப்படி ஒரு விற்பனையை அந்த பஸ் நிலையம் கண்டதில்லை. தோட்டத்துப் பெண்கள் முந்தானையில் முடிந்த காசை அவிழ்த்து வாங்கி, படிக்கத் தெரிந்தவர்களைத் தேடிப்போய்ப் படிக்கச் சொல்லி அழுதார்கள். பாட்டில் காவல்காரர் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. செத்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ‘பெண்டுகள்’ என்ற ஒரே சொல்லாக வந்தார்கள். அது அப்போது எங்களில் யாருக்கும் படவில்லை.

ஒருநாள் தோட்டத்து ஜீப் வந்து நின்றது. பெரிய கிளாக்கர் இறங்கி வந்தார். கூட்டத்தில் நிற்காமல் நேரே பெட்டியிடம் போய், இருந்த கட்டு முழுவதையும் வாங்கினார். இன்னும் அடித்துத் தரச் சொல்லி முன்பணமும் கொடுத்தார். அன்றைக்கு முழுக்கப் பாட்டுக்காரருக்குக் கால் தரையில் படவில்லை. “தோட்டத்து ஆபீஸே நம்ம பாட்ட வாங்குது, நானா” என்று எனக்கு மூன்று தரம் சொன்னார். நான் இலவசமாக இஞ்சிச் சோடா கொடுத்துக் கொண்டாடினேன்.

அந்தத் தாள்கள் எங்கே போயின என்பதைக் கொழுந்து லொறி டிரைவர்தான் பிறகு சொன்னார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில் வைத்து, லயத்துக்கு ஒன்றாகப் பங்கிட்டார்களாம். கிளாக்கரே ஒன்றைச் சத்தமாகப் படித்தும் காட்டினாராம். அதுவரைக்கும் கம்பியைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்த சனம், அதற்குப் பிறகு கிழவரைப் பற்றி முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது. பாட்டுக்காரர் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கராம்பைத் துப்பிவிட்டார்.

கிழவர் வந்தது அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். எனக்கு அவரைத் தெரியாது, பாட்டுக்காரருக்கும் தெரியாது. கூட்டத்தின் முன்வரிசையில், கக்கத்தில் குடையோடு, வாயைத் திறந்துகொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். செருமல் வந்ததும் எல்லோருக்கும் முன்னால் காசை நீட்டித் தாளை வாங்கினார். வாங்கியதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. மீதிய நீங்களே பாடுங்க” என்றார்.

பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தால் படித்துக் காட்டுவார்கள் என்றார் பாட்டுக்காரர். எந்த ஊர் ஐயா என்றும் மரியாதைக்குக் கேட்டார். கிழவர் ஊரைச் சொல்லவில்லை. தன் பெயரைச் சொன்னார்.

நின்ற கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. கிழவர் சண்டைக்கு வந்தவரைப் போலவே பேசவில்லை.

“நான் குடிக்கிறவன்தான். இல்லன்னு சொல்ல வரல. அன்னைக்கி குடிக்கல. சங்கு ஊதிருச்சு. பிந்தி வந்தா அரைப்பேருதான்னு ஆபீஸ்ல சொல்லி வச்சிருந்தாங்க. அரை நாள் கூலி போயிருமேன்னு அத்தன பேரும் ஓடி வாராங்க. நான் ரெண்டு கையயும் விரிச்சிக்கிட்டு நின்னேன். என்னைத் தள்ளிட்டுப் போனாங்க. மொதல்ல தள்ளுனது யாரு தெரியுமா தம்பி? எம் பொஞ்சாதி. வழிய விடுய்யா, அரைப்பேராப் போயிரும்னு சொல்லிட்டுத்தான் போனா.”

பாட்டுக்காரர் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். பாட்டுத் தாள்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

கம்பி இற்றுப்போனதைத் துரையிடம் போய்ச் சொன்னதும் தான்தான் என்றார் கிழவர். வேலையிலிருந்து நிறுத்தி, லயத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம். அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அவருக்கு ஒரே மகள், அதே தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் இந்தப் பாட்டைக் கேட்ட நாளிலிருந்து இவருக்குக் கதவு திறப்பதில்லை.

“தாயக் கொன்னவன்னு நெனைக்கிறா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறா. பாட்டுல வந்திருச்சேங்கிறா. அப்ப பாட்டுலதான தம்பி மாத்தணும்?” பிறகு தாளை விரலால் தடவியபடி கேட்டார்: “எம் பொஞ்சாதி பேரு இதுல எங்க இருக்குன்னு காட்டுங்க. அதத்தான் பாக்க வந்தேன்.”

அது எங்கும் இல்லை என்று சொல்லப் பாட்டுக்காரருக்கு வாய் வரவில்லை. மனைவியின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அடுத்த வாரம் ரயிலேறிக் கொழும்புக்குப் போனார். தோட்டத்தைச் சொந்தமாக வைத்திருக்கிற கம்பெனியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று என்னிடம் சொன்னார். கழுத்தைத் தேடித்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்தபோது, கலியாண வீட்டில் பந்தி கிடைக்காதவரைப் போலிருந்தார்.

கொழும்புக் கோட்டைப் பகுதியில் பெரிய கட்டடம், பித்தளைப் பலகையில் பெயர், வாசலில் உடுப்புப் போட்ட பியூன். உள்ளே விட்டார்களாம். ஒரு தமிழ்க் கிளாக்கர் நாற்காலி கொடுத்தார், தேத்தண்ணீர் வந்தது. பாலத்தைப் பற்றிக் கேட்டால், செலவுக்கு அனுமதி கொடுப்பது தாங்கள் இல்லை, மேலே என்றாராம். மேலே போனால், அவர்கள் சீமைக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னார்களாம். சீமையில் யார் என்றால், அங்கே பங்குக்காரர்கள் ஆயிரம் பேராம். பாலம் ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாதாம்.

“ஒருத்தன்கூட மோசமாப் பேசல நானா. எல்லாருக்குமே வருத்தம். ஒருத்தர் கண்ணத் தொடச்சிக்கிட்டாரு. நான் யாரப் பாட?”

பெரிய கிளாக்கரைப் பாடுங்கள், அவர்தானே தாளை வாங்கினார் என்றேன். அவர் தலையை ஆட்டினார். கிளாக்கரும் இன்னொரு மணிக்கூட்டுப் பியூன்தான் என்றார்.

ஆனாலும் பாட்டு எழுதினார். கைக்காசு போட்டு அச்சடித்தார். தோட்டத்தில் சம்பளம் போட்ட பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, சனமெல்லாம் டவுனுக்குச் சாமான் வாங்க வரும். அன்றைக்கு மகளும் வருவாள் என்று கிழவர் சொல்லியிருந்தார். வந்தாள். இடுப்பில் பிள்ளையோடு என் கடை ஓரத்துத் தூணில் சாய்ந்து நின்றாள். கிழவர் அவள் கண்ணில் படாமல் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

பாட்டுக்காரர் முதலில் செத்தவர்களின் பெயர்களைப் பாடினார். முதல் பெயர் கிழவரின் மனைவியுடையது. அந்தப் பெயர் ராகத்தில் ஏறியதும் மகள் நிமிர்ந்தாள். கூட்டத்தில் விசும்பல் கேட்டது. துருவைப் பாடினார், தகரத்தைப் பாடினார், அரைப்பேருக்குப் பயந்து ஓடி வந்த கால்களைப் பாடினார், கையை விரித்துக்கொண்டு நின்ற மனிதரைப் பாடினார். மகள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்தாள். இது யாருடைய குற்றம் என்ற வரியும் வந்தது.

எல்லோரும் செருமலுக்குக் காத்திருந்தோம். காசை எடுத்துக் கையில் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர் செருமவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, நிறுத்துகிற இடத்தைத் தாண்டிப் பாடினார்.

கம்பெனியின் முழுப் பெயரைப் பாடினார். இரண்டு வெள்ளைக்காரக் குடும்பப் பெயர்கள், நடுவில் இரண்டையும் சேர்க்கிற ஒரு ‘அன்’, பிறகு ‘சன்ஸ்’, பிறகு இலங்கை, பிறகு தோட்டம், கடைசியில் ‘லிமிட்டட்’. அது ராகத்துக்குள் அடங்கவில்லை. இழுத்துப் பார்த்தார், நெருக்கிப் பார்த்தார், ‘லிமிட்டட்’ வெளியே தொங்கியது. மூச்சு வாங்கி, அழுத குரலிலேயே அதைத் தனியாகப் பாடி முடித்தார்.

கண்டி பஸ் கண்டக்டர்தான் முதலில் சிரித்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். அவர் அந்த வரியை மறுபடி எடுத்தார். ‘லிமிட்டட்’டுக்கு நாலு பேர் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை, போத்தலைக் கழுவுவது போலக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது, மகள் சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பிள்ளையின் தலையில் முந்தானையைப் போட்டு மூடி, பஸ்ஸில் ஏறிவிட்டாள். கிழவர் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. அதற்கப்புறம் அவரை இந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

பெயரைப் பாட்டிலேயே சொல்லிவிட்டதால் தாள் வாங்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. கட்டு அப்படியே இருந்தது.

பழைய பாட்டு மட்டும் நிற்கவில்லை. வேறு ஊரில் யாரோ அதைத் திருட்டுத்தனமாக அச்சடித்து, தம்புள்ளை வரைக்கும் விற்றார்கள். பாட்டுக்காரர் சந்தை சந்தையாகப் போய், தான் எழுதிய தாளைத் தன் காசைக் கொடுத்தே வாங்கிக்கொண்டு வந்தார். விற்கிறவர்களுக்கு ஆளைத் தெரியாது. அவர்கள் பெயருக்கு முன்னால் நிறுத்திவிட்டு அவரிடமும் கையை நீட்டியிருக்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருக்கிறார் என்று அவர் மனைவி சொன்னாள். இந்தத் தடவை அவள் பகிடி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அதே பெட்டியில் சீப்பும் தைலமும் வைத்து விற்றார். பழைய பழக்கத்தில் யாராவது ஒரு பாட்டுப் பாடுங்கள் அண்ணே என்று கேட்டால், சீப்பை எடுத்துக் காட்டி, உடையாது என்று மட்டும் சொல்வார்.

அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பாலத்துக் காவல்காரரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். ஆனால் அது எனக்கு மறக்கவில்லை. போத்தல் கழுவுகிறபோது ராகத்தோடு தானாக நாக்கில் வந்து நிற்கிறது. கம்பெனியின் பெயரையாவது எழுதிவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ‘அன்’ ஞாபகம் வருகிறது, ‘சன்ஸ்’ வருகிறது, ‘லிமிட்டட்’ வருகிறது. மற்றதெல்லாம் எங்கள் சிரிப்போடு போய்விட்டது.